உள்ளூர் உதவி

ஒரு காரியத்தை யார் செய்ய வேண்டும் என்று நாங்கள் நாலு பேர் கூடிப் பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் அதைச் செய்து முடித்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நிற்பாள். "அது ஆச்சு" என்பாள். அதில் பெருமை இருக்காது. எங்களைக் குத்திக்காட்டும் தொனியும் இருக்காது. எடுத்த பேச்சை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் நாங்கள்தான் விழிப்போம்.

நான் அவளை அறிந்திருந்தது மொத்தமே ஒன்றரை வருடம். முப்பதுகளின் தொடக்கம். தோவாளைக்கு வடக்கே மலையடிவாரத்தில் எங்கள் ஊர். இரண்டு வருடமாக மழை இல்லை. பாசனச் சானல் தண்ணீர் எங்கள் கடைமடைக்கு வந்து சேரவில்லை. வயல்கள் வெடித்துக் கிடந்தன. அறுப்பு வேலையை நம்பியிருந்தவர்கள் கிழங்கும் புளியங்கொட்டையும் தின்று முடித்து, அதுவும் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். அப்போதுதான் திருவிதாங்கூர் சர்க்கார் எங்கள் ஊரில் ஒரு கஞ்சித்தொட்டி திறக்க உத்தரவு போட்டது. மிஷன் பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் இருந்த ஓலைக் கொட்டகையைப் பாதிரியார் விட்டுக்கொடுத்தார். அவள் சமையல்காரியாக வந்தாள். நான் ஊர்க் கமிட்டியின் குமாஸ்தா. வருகிறவர்கள் பெயரை எழுத வேண்டும். மாதம் ஒருமுறை மேலே ரிப்போர்ட் அனுப்ப வேண்டும்.

அவளுக்கு என்னைவிட மூன்று நான்கு வயது கூட இருக்கும். புருஷன் கொழும்புக்குப் போய் ஆறு வருடம். முதல் வருடத்துக்குப் பிறகு கடிதம் இல்லை. சர்ச்சில் அசனம் நடந்தால், சபை முழுவதும் உட்கார்ந்து சாப்பிடும் அந்த விருந்துக்கு, வார்ப்பு என்கிற பெரிய உருளியில் சோறு வடிப்பவள் அவள்தான். ஊரே அவளை அக்கா என்றது. நான் எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட வேண்டுமென்றால் அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும்.

முதல் நாள் உத்தரவை அவளுக்குப் படித்துக் காட்டினேன். அரிசியும் சிறுபயறும் சர்க்கார் தரும். விறகு, உப்பு, பாத்திரம் மூன்றும் ஊர்க் கமிட்டியின் பொறுப்பு. அவள் கவனமாகக் கேட்டாள்.

"கிளார்க்கே, தண்ணி ஆரு பாடுன்னு அதுல உண்டா?"

திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கமிட்டித் தலைவரிடம் போனேன். அவர் யோசித்துவிட்டு, "மேலே எழுதிக் கேளும்வே. நாமளே எடுத்துத் தலையில போட்டுக்கிடப் பிடாது" என்றார். நான் திரும்பி வந்து, கொட்டகையின் ஓரத்தில் உட்கார்ந்து, 'கஞ்சி காய்ச்சுவதற்கான நீர் தொடர்பாக' என்று கடிதம் எழுதத் தொடங்கினேன். பள்ளிக்கூடக் கிணற்றில் கயிறு இல்லை. அவள் எங்கேயோ போய்ப் பழைய கயிற்றுத் துண்டுகள் நாலைந்து கொண்டுவந்து முடிச்சுப் போட்டு, தண்ணீர் இறைத்து அடுப்பில் ஏற்றினாள். நான் கடிதத்தின் கீழே கையெழுத்துப் போடும்போது உலை கொதித்துக்கொண்டிருந்தது.

"அது ஆச்சு. காயிதத்தை வச்சுக்கிடுங்க, அடுப்புப் பத்த வைக்க ஆவும்."

எனக்குக் கோபம் வந்ததா, சிரிப்பு வந்ததா என்று இப்போது நினைவில்லை. அன்று மத்தியானம் அவள் கஞ்சி ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

கமிட்டி ஜாதி பார்த்து இரண்டு வரிசை என்றது. அவள் சரி என்றாள். ஆனால் வைத்திருந்தது ஒரே ஒரு அகப்பை. அது இந்த வரிசைக்கும் அந்த வரிசைக்கும் மாறி மாறிப் போனது. மூன்றாம் நாள் வெயில் தாங்காமல் எல்லோரும் கொட்டகை நிழலில் ஒரே வரிசையாக நெருங்கி நின்றார்கள். தலைவர் பார்த்தார், பார்க்காததுபோல் போய்விட்டார்.

இன்னொரு விதியும் இருந்தது. திருவிதாங்கூர்ப் பிரஜைகளுக்கு மட்டும்தான் கஞ்சி. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் திருநெல்வேலிச் சீமை, வெள்ளைக்காரன் ஆட்சி. அங்கும் மழை இல்லை. கணவாய் வழியாக நடந்து வந்தவர்கள் கொட்டகையின் புகையைப் பார்த்து ஒதுங்குவார்கள். அப்படி ஒருவர் வந்து வரிசையில் நின்றார். நான் நோட்டைத் திறந்து, "எந்த ஊரு?" என்றேன். அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் அவர் கையில் சட்டியைக் கொடுத்துவிட்டாள்.

"விசாரிக்காமல் கொடுக்கக் கூடாது" என்றேன்.

"வாயில கஞ்சி இருக்கும்போ எப்பிடிப் பதில் சொல்லுவாரு? குடிச்சு முடிக்கட்டும். பொறவு கேளுங்க."

குடித்து முடித்ததும் கேட்டேன். அவர் உண்மையைச் சொன்னார். அப்போது கஞ்சியைத் திருப்பி வாங்கவா முடியும்? நான் எதுவும் எழுதாமல் நோட்டை மூடினேன். அவள் அடுப்புப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். அவள் தோள் குலுங்குவதில் அவள் சிரிப்பது தெரிந்தது.

எல்லாம் சிரிப்பாகவே போயிற்று என்று சொல்ல முடியாது. ஒருநாள் காலையில், வழக்கமாக முதலில் வந்து நிற்கும் கிழவர் ஒருவர் கொட்டகை வாசலிலேயே சரிந்து உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. அவருடைய மகன் இரணியலில் நெசவு வேலை செய்துகொண்டிருந்தான். ஆள் அனுப்பினோம். இங்கே அடக்கம் செய்வது யார் என்று பேச்சு எழுந்தது. கஞ்சித்தொட்டியில் செத்ததால் சர்க்கார் பார்க்க வேண்டும் என்றார் தலைவர். இறந்தவர் எங்கள் சபையைச் சேர்ந்தவர் இல்லையே என்றார் பாதிரியார். நான் எழுதிக் கேட்கலாமா என்று யோசித்தேன். நண்பகலுக்குள் அவள் நாலு பேரைக் கூட்டி, உடம்பைக் குளிப்பாட்டி, குழி வெட்டச் சொல்லி, மண்ணும் போடவைத்துவிட்டாள்.

மகன் சாயங்காலம் ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தான். புதிய மண்ணைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான்.

"நீங்க நல்லதுதான் செஞ்சிய அக்கா. ஆனா நான் வாறது வரைக்கும் வச்சிருக்கலாமே. எனக்குன்னு அது ஒண்ணுதான் இருந்து" என்றான்.

வழக்கமாகச் சொல்லும் வார்த்தையை அன்று அவள் சொல்லவில்லை. அவனுக்குக் கஞ்சி கொண்டுவந்து வைத்தாள். அவன் குடிக்கவில்லை. வீட்டுக்குப் போகும்போது என்னிடம், "அவரு முகத்துல ஈ மொய்ச்சுது கிளார்க்கே. எனக்குப் பாத்துக்கிட்டு இருக்க முடியல்ல" என்றாள். நான் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வதுபோல இருந்தது.

விறகுதான் கடைசியில் எல்லாவற்றையும் ஒரு முடிவுக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

ஆரம்பத்தில் கமிட்டி வாங்கிப் போட்ட விறகு தீர்ந்தது. தலைவர் மறுபடி வாங்க மறுத்துவிட்டார். அவர் பேச்சில் நியாயம் இல்லாமலும் இல்லை. "காடு ஆருக்குள்ளது? சர்க்காருக்குள்ளது. நம்ம ஆளு ஒரு சுள்ளி எடுத்தா பாரஸ்ட் கார்டு பிடிச்சு வைக்கான். காட்டைப் பூட்டி வச்சுக்கிட்டு, வெறகு நீங்க பாருங்கன்னா எப்பிடிவே? அவனுவ காட்டைத் தொறந்து விடட்டும், நாம வண்டி கட்டித் தாறோம்."

எழுதினேன். அஞ்சலில் பதில் வர பதினைந்து நாள் ஆயிற்று. விறகு உள்ளூர்ப் பொறுப்பு என்பது முன்பே தெளிவுபடுத்தப்பட்டுள்ளது. காடு தொடர்பான விஷயத்துக்கு வனத்துறைக்குத் தனியாக எழுதவும். தனியாக எழுதினேன்.

அதுவரை, கஞ்சிக்கு வருகிறவர்கள் ஆளுக்கொரு பிடி சுள்ளி கொண்டுவர வேண்டும் என்று அவள் ஏற்பாடு செய்திருந்தாள். அது கொஞ்ச நாள் நடந்தது. பிறகு காட்டின் ஓரத்தில் ஒரு பெண்ணைக் கார்டு பிடித்து அரை நாள் உட்காரவைத்தான். அதோடு சுள்ளியும் நின்றது. மூன்று நாள் அடுப்பு எரியவில்லை. அரிசி மூட்டை மூட்டையாக உள்ளே இருந்தது. சட்டிகளோடு வந்தவர்கள் வெளியே உட்கார்ந்திருந்தார்கள். சிலர் அரிசியை அப்படியேயாவது கொடுங்கள் என்றார்கள். அதற்கு விதி இல்லை. நான் பூட்டின் சாவியை மடியில் வைத்துக்கொண்டு அவர்கள் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தேன்.

நான்காம் நாள் காலையில் அவளைக் காணோம். வெயில் ஏறும் நேரத்தில் தெருமுனையில் வந்தாள். தலையில் ஒரு கதவு. அவள் வீட்டுக் கதவின் ஒரு பக்கம். இறக்கி வைத்துவிட்டுப் போய் மறுபக்கத்தையும் கொண்டுவந்தாள். மூன்றாம் முறை கோடாலியோடு வந்தாள்.

"அயனி மரத்துத் தடி. நல்லா காஞ்சிருக்கு, பொகையாது" என்றாள், சந்தையில் சாமான் வாங்கி வந்தவள்போல.

"வீட்டுக்கு என்ன செய்வீங்க?"

"சாக்கைத் தொங்கவிட்டாச்சு." பிறகு, கோடாலியை ஓங்கும் முன், "எழுதிக் கேக்கப் போறியளோ?" என்றாள்.

நான் எழுந்து போய்ப் பலகையைப் பிடித்துக்கொண்டேன். அவள் வெட்டினாள். நான் அவளோடு சேர்ந்து செய்த ஒரே வேலை அதுதான்.

அடுத்தடுத்த நாட்களில் அவள் வீட்டு ஜன்னல், மச்சுப் பலகை, கட்டில் எல்லாம் வந்தன. அதைப் பார்த்து மற்றவர்களும் கொண்டுவந்தார்கள். உடைந்த கலப்பை, வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால், யாரோ ஒருவர் தன் தகப்பனார் படுத்திருந்த மரப்பெஞ்சு. மழை இல்லாத ஊரில் கலப்பை எதற்கு என்று கலப்பை கொண்டுவந்தவர் கேட்டார். அடுப்பு ஒரு மாதம் எரிந்தது.

அந்த ஒரு மாதமும் நான் அவள் வீட்டு வழியாகத்தான் போய் வந்தேன். அது எனக்கு வழியே இல்லை. வாசலில் சாக்கு காற்றில் ஆடும். தனியாக இருக்கும் பெண், கதவில்லாத வீடு. ஊர் வாய் சும்மா இருக்குமா? ஒரு கதவு செய்து கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்து, வடசேரியில் தெரிந்த ஆசாரி ஒருவரிடம் போனேன். அளவெல்லாம் மனசில் இருந்தது.

"ஆரு வீட்டுக்கு?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார்.

நான் அவளுக்கு யார்? அண்ணனா, தம்பியா, சபைக்காரனா? பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். பிறகு போகவில்லை. இத்தனை விதிகளையும் கடிதங்களையும் பார்த்து மனசுக்குள் சிரித்துக்கொண்டிருந்த நான், ஒரு கதவு யார் பொறுப்பு என்ற கேள்வியில் திரும்பி நடந்தேன்.

அதற்குப் பதிலாக அந்த மாத ரிப்போர்ட்டை எழுதினேன். வழக்கமாக அரைப் பக்கம் எழுதுவேன். அன்று ஆறு பக்கம். ஒரு பெண் தன் வீட்டுக் கதவைத் தலையில் சுமந்து வந்ததை எழுதினேன். அயனிப் பலகை என்பதையும் விடவில்லை. அவளைப் பார்த்து ஏழைகள் தங்கள் கலப்பையைக் கொண்டுவந்ததை எழுதினேன். அடித்துத் திருத்தி, மறுபடி நல்ல தாளில் எழுதினேன். ஒரு பெண்ணுக்கு எழுத முடியாத கடிதத்தை நான் சர்க்காருக்கு எழுதினேன் என்று இப்போது தோன்றுகிறது. படிக்கிறவர்கள் மனம் இளகி விறகு அனுப்புவார்கள், அவளுக்கு ஒரு பாராட்டாவது வரும் என்று நிச்சயமாக நம்பினேன்.

பாராட்டு வந்தது. உள்ளூர் மக்களே மனமுவந்து உதவ முன்வந்திருப்பது மிகுந்த மகிழ்ச்சி அளிக்கிறது என்று தொடங்கியது உத்தரவு. இரண்டாவது வாக்கியம்: ஆகவே அவ்வூரில் சர்க்கார் உதவி தொடர வேண்டிய அவசியம் இல்லை எனக் கருதப்படுகிறது; வரும் மாதம் முதல் அரிசி நிறுத்தப்படும்.

தலைவரிடம் ஓடினேன். "அரிசி அவங்க பாடுதானவே? அவங்களே நிப்பாட்டினா நமக்கு என்ன ஜோலி?" என்றார்.

அவள் வார்ப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். படித்துக் காட்டினேன். இரண்டாம் முறை படிக்கச் சொன்னாள்.

"என்னைப் பத்தியா எழுதினிய?"

"ஆமா."

"நல்லதாட்டா?"

"ரொம்ப நல்லதா எழுதினேன்."

சாம்பல் கையை வார்ப்பின் விளிம்பில் வைத்தாள். "அப்போ, நான் கதவைக் கழத்தாம இருந்திருந்தா அரிசி வந்துக்கிட்டு இருக்குமோ?"

அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். நான்தானே உத்தரவுகளைப் படித்து அர்த்தம் சொல்கிறவன்? அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தாளை மடித்தேன், பிரித்தேன், மறுபடி மடித்தேன். அவள் குனிந்து வார்ப்பைத் தேய்க்கத் தொடங்கினாள்.

கடைசி அரிசியும் தீர்ந்த மறுநாள் எல்லோரும் வழக்கம்போல் சட்டியோடு வந்தார்கள். இல்லை என்று சொல்ல வேண்டியது என் வேலை. நான் கொட்டகைக்குள் காலிச் சாக்குகளை எண்ணுவதுபோல நின்றிருந்தேன். வெளியே அவள் ஒவ்வொருவர் முன்னாலும் போய், கையைப் பிடித்து, தனித்தனியாகச் சொல்வது கேட்டது. "இனி இல்ல மக்கா. நாளைக்கும் வராண்டாம். வெயில்ல நிக்காதீங்க." கடைசி ஆள் போகும்வரை நின்றாள். பிறகு உள்ளே எட்டிப் பார்த்து, "அது ஆச்சு" என்றாள். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அந்த மாதமே திற்பரப்பில் இருந்த தன் தமக்கை வீட்டுக்குப் போய்விட்டாள். கதவில்லாத வீட்டைப் பூட்ட வேண்டிய வேலைகூட இல்லை. அவள் போன அன்று நான் நாகர்கோவிலில் இருந்தேன். யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஏன் சொல்லப் போகிறார்கள்?

பிறகு எனக்குத் தாலுகா கச்சேரியில் வேலை கிடைத்தது. முப்பதுகளின் கடைசியில் மண்டைக்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு கடலோரக் கிராமத்துக்கு என்னை அனுப்பினார்கள். ஒரு பருவம் முழுக்க மீன் படவில்லை. நிவாரணம் தேவையா என்று பார்த்து எழுத வேண்டும். அங்கே விதவை ஒருத்தி தன் காதிலிருந்த தங்கத்தை விற்று, தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் தினமும் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். எனக்கும் ஒரு சட்டி கொடுத்தாள். மணலில் உட்கார்ந்து குடித்தேன்.

அச்சடித்த பாரத்தில் ஒரு கேள்வி இருந்தது. உள்ளூர் உதவி கிடைக்கிறதா? பேனாவை மையில் தோய்த்தேன். 'இல்லை' என்று எழுதினேன். என் உத்தியோகத்தில் நான் எழுதிய ஒரே பொய் அது. அரிசி வந்தது. அடுத்த பருவத்தில் மீன் படும்வரை வந்தது. அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் கச்சேரிக்கே வந்து, "அந்த அம்மையைப் பத்தி ஒரு வார்த்தை எழுதல்லியே சார், இது என்ன நீதி?" என்று கோபித்தார். கேட்டுக்கொண்டேன்.

அதற்கு அடுத்த வாரம் லீவு எடுத்துக்கொண்டு திற்பரப்புக்குப் போனேன். அவள் தமக்கை வீட்டைக் கண்டுபிடிக்க அரை நாள் ஆயிற்று. தமக்கை என்னை யாரென்று கேட்டாள். பழைய கஞ்சித்தொட்டிக் குமாஸ்தா என்றேன். தன் தங்கை இரண்டு வருடம் அங்கே இருந்தாள் என்றும், பிறகு மலைமேல் ஒரு தேயிலைத் தோட்டத்தில் காய்ச்சல் பரவியபோது கூலிக்காரர்களுக்குச் சமைத்துப்போட ஆளில்லை என்று கேள்விப்பட்டுப் போனவள் திரும்பவில்லை என்றும் சொன்னாள்.

"உயிரோட உண்டும்னு ஒருத்தன் சொன்னான். எந்த எஸ்டேட்டுன்னு அவனுக்கும் தெரியல்ல. ஆரும் கூப்பிடல்ல அவளை. சொன்னா கேக்கமாட்டா, உங்களுக்குத் தெரியும்லா?"

தெரியும் என்றேன்.

திரும்பும் வழியில் அருவிக்குப் போனேன். மழைக்காலம் தொடங்கியிருந்தது, கோதையாற்றில் நிறையத் தண்ணீர். குளிக்க வந்தவர்கள் கூட்டமாக நின்றார்கள். சட்டையைக்கூடக் கழற்றாமல் ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தேன். அந்த இரைச்சலில் பக்கத்தில் இருப்பவருக்குக்கூட எதுவும் கேட்காது என்ற தைரியத்தில், மலையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன்.

"நீ கதவைக் கழத்தினது தப்பில்ல. நான் அதை எழுதினதுதான் தப்பு."

அவளை நீ என்று சொன்னது அப்போதுதான் உறைத்தது. பக்கத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் திரும்பிப் பார்த்து, "என்னவோ சொன்னீரே?" என்றார்.

"ஒண்ணுமில்ல" என்றேன்.